தரைத்தளத்தில் வந்து சேரும் ‘நோ ப்ராப்ளம்’

என் குளியலறைத் தரையின் மூலையில் நீர் வடிவதற்கென்று ஒரு துளை இருக்கிறது. அதன்மேல் ஓட்டைகள் இட்ட எஃகு மூடி. பல ஆண்டுகளாக அந்தத் துளையின் வழியே எல்லாம் கீழே போய்க்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில், எல்லாம் மேலே வரத் தொடங்கியது.

வந்ததை நீர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சாம்பல் நிறம். மேலே எண்ணெய்ப் படலம். அதில் யாரோ சீவிப் போட்ட முடி, யாரோ துப்பிய பற்பசையின் நுரை, எவர் தட்டிலோ மிஞ்சிய சோற்றுப் பருக்கை. பருக்கைகள் ஊறிப் பருத்துப் புழுக்களைப் போல மிதந்தன. கொஞ்ச நேரம் தேங்கி நின்றுவிட்டு, ஒரு கொப்பளிப்போடு பாதி உள்ளே இறங்கும். மீதி தரையில் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். அந்த நாற்றம் துணியில் ஏறும், தலையணையில் ஏறும், வாயில் வைத்த தேநீரிலும் ஏறும்.

எங்கள் கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு குடித்தனங்கள். நான் தரைத்தளம். முதல் மாடியில் ஒரு பல் டாக்டர். இரண்டாம் மாடியில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். காப்பீடு விற்பது அவர் தொழில். மூன்றாம் மாடியில் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் ஓர் இளைஞர். காதில் எந்நேரமும் மாட்டியிருப்பதால் ஹெட்போன் தம்பி என்று அவருக்குப் பெயர். நான்கு வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் இறங்கி, என் குளியலறைச் சுவரை ஒட்டித் திரும்பி, பின்புறத் தொட்டிக்குப் போகவேண்டும். திருப்பத்துக்கு அப்பால் எங்கோ அடைத்துக்கொண்டது. ஆகவே மூன்றாம் மாடியில் ஒருவர் முகம் கழுவினால் என் வீட்டில் அது பொங்கியது. மேலே இருந்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவர்கள் ஊற்றியது ஊற்றிய கணமே மறைந்துபோயிற்று.

வேறு சமயமாக இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சில நாள் ஓட்டியிருப்பேன். அப்போது என் மனைவி மருத்துவமனையில் இருந்தாள். சர்க்கரை நோயால் புண் பழுத்து, வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். அறுவை மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் இல்லாதவர்.

“காயம் ஆறுது. ஆனா அழுக்குத் தண்ணி மட்டும் அதுல படவே கூடாது சார். கட்டு நனைஞ்சாலே ஆபத்துதான். பட்டுச்சுன்னா அடுத்து முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். வீட்டுல பாத்ரூம் சுத்தமா இருக்கும்ல?”

“இருக்கும்” என்றேன். அன்று காலை நான் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வந்த சாம்பல் நிறக் குட்டை என் கண்முன் நின்றது. அவள் வீட்டுக்கு வர இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் குழாயைச் சீர் செய்துவிட வேண்டும்.

முதலில் செயலாளரிடம் போனேன். கதவைப் பாதி திறந்து, நான் சொல்லி முடிப்பதற்குள் கையை உயர்த்தினார்.

“சார், நோ ப்ராப்ளம்! நான் பாத்துக்கறேன். நீங்க டென்ஷனே ஆகாதீங்க.”

நான் பள்ளியில் மொழி கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலச் சொல் காதில் விழுந்தாலே காதைக் கழுவிக்கொள்ளும் ஆசாமி அல்லன். பஸ்ஸையும் கம்ப்யூட்டரையும் மொழிபெயர்த்துச் சொல்லாதவனை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியதில்லை. ஆனால் இந்த ‘நோ ப்ராப்ளம்’ என்பதன் மீது எனக்கு ஏற்பட்ட அருவருப்பு வேறு வகை. அந்த ஒரு வாரத்தில் அதை நான் கேட்ட விதங்களைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

பல் டாக்டரிடம் போய், அடைப்பு எடுக்கும்வரை சமையலறைக் கழிவைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். “நோ ப்ராப்ளம் சார்” என்றார். அங்கே அதற்குப் பொருள், ‘கதவைச் சாத்தப்போகிறேன்’ என்பது. அன்று மாலை அவர் வீட்டுக் குழம்பின் நிறத்தை என் தரையில் கண்டேன். பல் டாக்டர் என் கடிதங்களை ஒருமுறை தவறுதலாக எடுத்துப்போய்த் திருப்பித் தந்தபோது நான் நன்றி சொன்னேன். அதற்கும் “நோ ப்ராப்ளம்.” அங்கே அது பெருந்தன்மை. அடைப்பு எடுக்கும் ப்ளம்பர் வருவதாகச் சொன்ன நாளில் வராமல், மறுநாள் தொலைபேசியில் “நோ ப்ராப்ளம் சார், வந்துட்டே இருக்கேன்” என்றார். அங்கே அது பச்சைப் பொய். ஹெட்போன் தம்பி படிக்கட்டில் இறங்கும்போது என் காலை மிதித்துவிட்டு, ஒரு காதை மட்டும் விடுவித்து, “நோ ப்ராப்ளம் அங்கிள்” என்றாரே, அதற்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தனை வேலைக்கும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. செய்கிறேன், முடியாது, மன்னியுங்கள், அதனாலென்ன, இருக்கட்டும், பார்க்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. பரவாயில்லை என்பதுகூட வெளியிலிருந்து வந்து குடியேறிய சொல் என்பார்கள். வந்த இடத்தில் ஒழுங்காகக் குடித்தனம் நடத்திற்று. அடிபட்டவன் அடித்தவனிடம் சொல்லவேண்டிய சொல் அது. இந்தப் புதுச் சொல்லில் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. மிதித்தவன் சொல்கிறான், மிதிபட்டவனிடம். என் வீட்டில் சிக்கல் இல்லை என்று தீர்மானிக்க மாடியில் இருப்பவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அங்கே இல்லாததெல்லாம் இங்கே வந்து பொங்குகிறதே!

கடைசியில் ப்ளம்பர் வந்தார். குனிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

“சுவரோரத்துல இருக்கிற மூடியத் தொறந்து மெஷின் விடணும் சார். ஆனா வேலை முடியற வரைக்கும் மேல ஒரு வீட்டுலயும் ஒரு சொட்டுக் கீழ விடக்கூடாது. விட்டா நம்ம தலையிலதான் இறங்கும்.”

மறுநாள் காலை என்று முடிவாயிற்று. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் மட்டுமே அறிவிப்பு இடலாம் என்பது விதி. நான் மூன்று வாக்கியங்களில் தெளிவாக எழுதி அவருக்கு அனுப்பினேன். கழிவுக்குழாய் திறக்கப்படுகிறது, வேலை முடிந்தது என்று சொல்லும்வரை எவரும் எதையும் கீழே ஊற்றவேண்டாம், குளியல், துவையல், சமையலறைக் கழுவல் அனைத்தையும் நிறுத்திவைக்கவும்.

“சார், இவ்ளோ நீளமா போட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க” என்றார் செயலாளர். சுருக்கினார். ‘நாளை காலை தண்ணீர் வேலை. அனைவரும் ஒத்துழைக்கவும்.’

அடுத்த நொடியே பல் டாக்டர்: நோ ப்ராப்ளம். ஹெட்போன் தம்பி: நோ ப்ராப்ளம், கூடவே கட்டைவிரல். செயலாளர் தம் அறிவிப்புக்குத் தாமே ஒரு கட்டைவிரலைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ப்ளம்பர் சுவரோரம் மண்டியிட்டு, துருப்பிடித்த மூடியைத் திருகிக் கழற்றினார். நான் பின்னால் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து ஒரு பெருமூச்சு வந்தது. குழாய்க்கும் வாய்நாற்றம் உண்டு என்று அன்று அறிந்தேன். அவர் சுருள் கம்பியைச் செலுத்தத் தொடங்கினார். அப்போது மேலே எங்கோ ஒரு வாளியைக் கவிழ்க்கும் ஓசை கேட்டது.

“சார், நகருங்க!” என்று அவர் கத்தினார். நான் நகரவில்லை. மூன்று மாடி உயரத்திலிருந்து அது இறங்கி வந்து, திறந்த வாயின் வழியே எங்கள் இருவர் மீதும் பாய்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் என்னால் இன்னும் மறக்க முடியாதது. இன்னொருவர் உடம்பின் வெதுவெதுப்பு. என் கண்ணாடியில் சோப்பு நுரையும் ஒரு நீண்ட முடியும் ஒட்டிக்கொண்டன. ப்ளம்பர் உதட்டை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார். துடைத்துக்கொள்வதற்குள் இரண்டாவது வாளி வந்தது.

அப்படியே, சொட்டச் சொட்ட, படியேறி மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். ஹெட்போன் தம்பி முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டையோடு வந்து நின்றார்.

“தம்பி, தண்ணி ஊத்தாதீங்கன்னு சொன்னோமே!”

“இல்ல அங்கிள், நான் பைப்பத் தொறக்கவே இல்லையே. தண்ணி வராதுன்னு நேத்தே ரெண்டு டிரம் ரொப்பி வச்சுட்டேன். அதுலதான் துணி தொவைக்கிறேன்.”

“தொவைச்ச தண்ணி எங்க போகும்?”

யோசித்தார். “கீழ.”

“கீழ யாரு இருக்கா?”

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மூக்கு சுருங்கியது. ஓரடி பின்வாங்கினார்.

“ஓ. ஸாரி அங்கிள். நோ ப்ராப்ளம், இன்னும் ரெண்டு பக்கெட்தான் மிச்சம்.”

படியிறங்கும்போதுதான் விஷயம் விளங்கியது. இந்தக் கட்டடத்தில் வசிப்பவர்களுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பேரிடர்தான் தெரியும்: குழாயில் தண்ணீர் வராமல் போவது. தண்ணீர் என்ற சொல்லும் நாளை என்ற சொல்லும் ஒரே வரியில் வந்தால் போதும், கை தானாகவே வாளியைத் தேடும். ஆகவே எல்லோரும் முதல் நாளே அண்டாவும் டிரம்முமாக நிரப்பி வைத்துக்கொண்டார்கள். நிரப்பியது வீணாகிவிடக் கூடாதே என்று, வாரக் கணக்கில் தள்ளிப்போட்ட துவையலை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பல் டாக்டர் வீட்டில் போர்வைகள் ஊறிக்கொண்டிருந்தன. சாதாரண நாளைவிட இரண்டு மடங்கு கழிவு அன்று இறங்கியது. செயலாளர் தம் பைக்கைக் கழுவுவதற்காக ஒரு வாளியை நிரப்பிக்கொண்டு கீழே வந்தவர், என்னைக் கண்டதும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ப்ளம்பர் கம்பியைச் சுருட்டினார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

“நோ ப்ராப்ளம் சார். இதெல்லாம் நமக்குப் பழக்கம். வேற நாள் வச்சுக்கலாம், கூப்பிடறேன்.”

பின்புறக் குழாயடியில் உடையோடு நின்று சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மருத்துவமனை வார்டின் எழுத்தர்.

“சார், வேற பேஷண்ட்டுக்கு பெட் வேணும். அம்மாவ இன்னைக்கே டிஸ்சார்ஜ் பண்றோம். வீட்டுல வசதி இருக்குல்ல?”

“இல்லைங்க. பாத்ரூம்ல சாக்கடை வருது. இன்னும் ரெண்டு மூணு நாள் வேணும்.”

“நோ ப்ராப்ளம் சார். சாயங்காலத்துக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிருங்க.”

இல்லை என்று சொன்னவனுக்கும் அதே விடைதான். சொல்லுக்குப் பொருள் தேய்ந்து தேய்ந்து, காதில் விழுந்ததற்கான அடையாள ஒலியாக ஆகிவிட்டது.

வாடகை வண்டியில் அவளைச் சாய்ந்தவாறு உட்காரவைத்து அழைத்து வந்தேன். சக்கர நாற்காலி பின்னால் மடங்கிக் கிடந்தது. கட்டுப்போட்ட காலை என் மடிமீது வைத்துக்கொண்டிருந்தாள். சிறிது தூரம் போனதும் என் பக்கம் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினாள்.

“என்னங்க, இவ்ளோ சோப்பு வாசனை அடிக்குது? என்னத்த மறைக்கிறீங்க?”

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். வெதுவெதுப்பையும் சேர்த்து. முகத்தைச் சுளித்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், இரண்டு டிரம் என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். பிறகு காலைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

“நான் எங்கங்க ஒண்ணுக்குப் போவேன்?”

இதைவிட எளிய கேள்வி கிடையாது. வண்டிக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன்.

வாசலில் செயலாளர் நின்றிருந்தார். கைகளைக் குவித்தார், வண்டியின் கதவைத் தாமே திறந்தார், முகத்தில் அத்தனை கனிவு.

“வாங்கம்மா, வாங்க. சார், காலையில நடந்ததுக்கு ரொம்ப வருத்தம். ஒண்ணும் கவலப்படாதீங்க. எங்க வீடு எதுக்கு இருக்கு? அம்மாவுக்கு எப்ப வேணும்னாலும் எங்க பாத்ரூம யூஸ் பண்ணிக்கலாம். நோ ப்ராப்ளம்!”

நான் நாற்காலியை விரித்து அவளை உட்காரவைத்தேன். மின்தூக்கிக்குள் தள்ளிக்கொண்டு போய், இரண்டு என்ற பொத்தானை அழுத்தினேன். கதவு மூடும்போது அவருடைய முகத்திலிருந்த கனிவு ஒவ்வொரு மடிப்பாகக் கழன்று விழுவதைப் பார்த்தேன்.

“என்ன பண்றீங்க?” என்றாள் என் மனைவி, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு. “அவரு ஏதோ மரியாதைக்குச் சொன்னாரு!”

“மரியாதைக்குச் சொன்னத நானும் மரியாதையா எடுத்துக்கறேன்.”

“என் கால வச்சு நீங்க சண்ட போடாதீங்க. இது என் காலு.”

அது சரியான பேச்சு. ஆனால் நாற்காலியைத் திருப்பவும் எனக்கு இடம் இல்லை. கீழே அந்தத் தரை இருந்தது.

செயலாளர் படிக்கட்டில் ஓடி வந்து எங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. “சார், இப்பவேவா? இல்ல, நோ ப்ராப்ளம்தான், ஆனா வீடு கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு, ஒரு பத்து நிமிஷம், இல்லன்னா நாளைக்கு...”

வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. குண்டூசிகளை எடுத்துச் சட்டையின் தோளில் குத்திக்கொண்டு, எங்கள் மூவரையும் பார்த்தார்.

“என்ன விஷயம்?”

செயலாளர் வாயைத் திறந்தார். “ஒண்ணுமில்லம்மா, நோ ப்ராப்ளம், சாரு சும்மா...”

“நீங்க இருங்க. சார், நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். கீழே வருவது என்ன, காலில் வெட்டியது என்ன, மருத்துவர் சொன்னது என்ன. கணவர் அழைத்ததையும் சொன்னேன். அந்தப் பெண்மணி என் மனைவியின் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார், ப்ராப்ளம்தான்” என்றார். “இருக்கிறது ஒரே பாத்ரூம். பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் பரீட்சை நடக்குது, காலையில அதுங்க ரெண்டுக்கும் அடிதடி. எனக்கு அளவு கொடுக்க ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க. ஒரு ஆளு கூடத் தங்கறதுன்னா எனக்கு ரொம்பக் கஷ்டம். மனசார வாங்கன்னு சொல்ல மாட்டேன்.”

என் மனைவி, “நாங்க போயிடறோம்மா” என்றாள்.

“அந்தக் காலோட எங்க போவீங்க? உள்ள வாங்கக்கா. காலையில எட்டு மணி வரைக்கும் பொண்ணுங்களுக்கு, அதுக்கப்புறம் உங்களுக்கு. கட்டில் கிடையாது, தையல் ரூம்ல மெத்த போடறேன். மிஷின் சத்தம் கேக்கும், பொறுத்துக்கணும்.”

அந்த வாரம் முழுவதும் எத்தனையோ பேர் என்னிடம் சிக்கல் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட முதல் மனிதர் இவர். என் மனைவியின் நாற்காலியை வாசற்படியில் தூக்கி வைத்தவரும் இவர்தான்.

உள்ளே போனதும் கணவரின் பக்கம் திரும்பினார். “நீங்க கீழ போய்ப் பாத்தீங்களா?”

“பாக்கணும்னு இல்லம்மா, தெரியும், அடைப்புதான்...”

“போய்ப் பாத்துட்டு வாங்க. உள்ள போய், கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வாங்க.”

செயலாளர் என்னோடு கீழே வந்தார். குளியலறை வாசலில் கைக்குட்டையை எடுத்தார். நான் விளக்கைப் போட்டேன். காலை நிகழ்ச்சிக்குப் பிறகு சுவரெல்லாம் தெறித்துக் காய்ந்திருந்தது. தரையில் புதிதாக ஒரு விரல் உயரம். அப்போது துளை ஒருமுறை கொப்பளித்து, ஒரு பஞ்சுத் துண்டை மேலே தள்ளியது. அவர் வெளியே ஓடிப் போய்ப் பூந்தொட்டி அருகே குனிந்தார். வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. அந்த ஒரு தடவை அவர் வாயிலிருந்து ‘நோ ப்ராப்ளம்’ வரவில்லை.

மறுநாள் காலையே ப்ளம்பர் வந்தார். வரவழைத்தவர் தையற்காரப் பெண்மணி. அறிவிப்பு எதுவும் போடவில்லை. அவரே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். படிக்கட்டில் அவர் குரல் கீழே இருந்த எனக்குக் கேட்டது.

“டாக்டர், அந்தப் போர்வைய அப்படியே ஊற விடுங்க. இல்ல, அலசாதீங்க. நோ ப்ராப்ளம் வேணாம், சரின்னு சொல்லுங்க. சரியா? ... தம்பி, அத காதுலேந்து எடு. ரெண்டும். நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு.”

“ஒரு சொட்டுக் கூடக் கீழ விடக் கூடாது ஆன்ட்டி.”

“ஏன்?”

“கீழ சார் இருக்காரு ஆன்ட்டி.”

வேலை முடியும்வரை அவர் படிக்கட்டின் நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, யாருடையதோ ஓர் உடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு பாத்திரம் உருண்டால்கூட, “யாரது?” என்ற குரல் எழும்.

சுருள் கம்பி நெடுநேரம் உள்ளே முட்டிக்கொண்டிருந்தது. பிறகு ப்ளம்பர் காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். வந்தது. ஒரு குழந்தையின் தலையளவு இருக்கும். கறுத்த கொழுப்பு, அதற்குள் முடி, ஈரத் துடைப்புக் காகிதங்கள், பல் டாக்டர்கள் வாயில் வைக்கும் பஞ்சு உருளைகள், ஒரு காதொலிப்பானின் ரப்பர் முனை, இவற்றை எல்லாம் சேர்த்துக் கட்டியதுபோல நீளநீளமாக நூலும் நீலத் துணிக் கிழிசலும். பழைய செய்தித்தாளில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள்.

“இது எங்க வீட்டுது இல்ல” என்றார் பல் டாக்டர், பஞ்சைப் பார்த்தபடியே. “வேற எங்கேயோ இருந்து வந்திருக்கும்.” ஹெட்போன் தம்பி தம் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

தையற்காரப் பெண்மணி குனிந்து, ஒரு குச்சியால் நீலக் கிழிசலைப் பிரித்தெடுத்தார்.

“இது என்னோடது. லைனிங் துணி. நூலெல்லாமும் என்னோடதுதான். வெட்டின துண்டுகளக் கூட்டி வார சோம்பேறித்தனப்பட்டு பாத்ரூம்ல தள்ளியிருக்கேன். மத்தது யாரோடதுன்னு அவங்கவங்களே சொல்லிக்கட்டும்.”

ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அந்த உருண்டையைவிட அந்த மௌனம் அதிகம் நாறியது. அவர் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. நான் ஏதேனும் ஆறுதல் சொல்வேன் என்று செயலாளர் எதிர்பார்த்தார். ஆறுதல் சொல்லும் அளவுக்கு அது சிறிய பிழை அல்ல. ஒரு காலின் விலை அது.

“தப்பும்மா” என்றேன்.

“தப்புதான் சார். பிரஷ் இருக்கா?”

இருவரும் மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டோம். என் குளியலறையில் அவர் ஒரு சுவர், நான் ஒரு சுவர். கிருமிநாசினியை ஊற்றித் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து வேறொரு நாற்றம் கிளம்பியது. அவர் நிமிடத்துக்கு ஒருமுறை ஓங்கரித்தார். ஓங்கரித்ததை மறைக்கவும் இல்லை.

“சகிக்கல சார். எப்படி ஒரு வாரம் இதுல இருந்தீங்க?”

“வேற வழி?”

“ச்சீ! மூலையில பாருங்க, அது என்ன? பல்லா?”

“சோற்றுப் பருக்கை.”

“அதுக்குப் பல்லே பரவால்ல.”

மூன்று முறை கழுவி, மூன்று முறை துடைத்து, மின்விசிறியை வைத்துக் காயவிட்டோம். துளைக்குள் ஒரு குவளை நல்ல நீரை ஊற்றினேன். மடமடவென்று இறங்கிப் போயிற்று. அந்த ஓசையை நான் இரண்டாவது குவளை ஊற்றி மறுபடியும் கேட்டேன்.

அதற்கு அடுத்த நாள் மருத்துவமனையில் கட்டைப் பிரித்தார்கள். காயம் உலர்ந்து, ஓரங்கள் இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டிருந்தன. மருத்துவர் அழுத்திப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். “நல்லா இருக்கு. இப்படியே வச்சுக்கோங்க” என்றார்.

மாலையில் அவள் மாடியிலிருந்து இறங்கினாள். தையற்காரப் பெண்மணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வந்தார். செயலாளர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். குளியலறை வாசலில் நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கட்டுப்போட்ட காலை மடக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். தரை வெள்ளையாகப் பளிச்சிட்டது. நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூக்கை இரண்டு முறை உறிஞ்சினாள்.

“கதவுக்குப் பின்னாடி இன்னும் நாறுதுங்க.”

செயலாளர் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். தையற்காரப் பெண்மணி நாற்காலியைக் கூடத்துக்குத் திருப்பினார். நான் பிரஷ்ஷை எடுத்துவரப் போனேன்.